கொடியை ஒளிச்சு வைக்கிறதுக்குப் பேர் போட்டியா?

ஓரியண்டீரிங் தெரியாதவர்களுக்கு ஒரு வரியில்: வரைபடத்தில் குறித்த இடங்களுக்கு காம்பஸோடு வரிசையாக ஓடி, ஒவ்வொரு இடத்திலும் கொடியைக் கண்டுபிடித்துத் திரும்ப வேண்டும். குறைந்த நேரத்தில் முடித்தவர் ஜெயித்தார். 1919-ல் சுவீடனின் எர்ன்ஸ்ட் கில்லாண்டர் என்ற ராணுவ அதிகாரி பிரபலமாக்கிய விளையாட்டு.

மேட்டர் என்னன்னா, பரவை மாதிரி தட்டையான ஊரில் இந்தப் போட்டி வைக்கலாம் என்றாலே ஒரு யோசனை வரும். "இங்கே மலையா, காடா? ரொம்ப ஈஸியாயிடும். கொடியைப் புதருக்குள்ள சொருகிடு!"

சொருகினால் என்ன ஆகும்? முதலில் வந்தவன் முள்ளுக்குள் பத்து நிமிஷம் துழாவுவான். பின்னால் வந்தவன், அவன் வெளியே வருவதைப் பார்த்துவிட்டு நேராகப் போய் எடுப்பான். வரைபடம் படிக்கத் தெரிந்தவன் தோற்றான், வேடிக்கை பார்த்தவன் ஜெயித்தான். இது போட்டியா, குலுக்கல் சீட்டா? சர்வதேச சம்மேளனத்தின் விதிப்படி, குறித்த இடம் கண்ணில் பட்டால் கொடியும் படவேண்டும். கஷ்டம் வழியில்தான் இருக்கணும்.

அதுவும் எந்த வரைபடத்தை நம்பி? சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 படத்தில் 1 மில்லிமீட்டர் என்பது தரையில் 50 மீட்டர். அதில் எந்தப் புதரைக் காட்டுவது? இந்த விளையாட்டுக்கென்று வரையும் படங்கள் 1:15,000 அல்லது 1:10,000.

சமவெளியில் நல்ல இடமே இல்லையாம். கண்மாய் எதற்கு இருக்கிறது? மடை, கலுங்கு, கரை திரும்புகிற மூலை. எதுவும் நகராது, ஒன்றை இன்னொன்றாகக் குழப்பிக்கொள்ளவும் முடியாது. வரிசையாக நிற்கும் பனையில் ஒன்றைக் குறித்தால் எந்தப் பனை என்று யாருக்குத் தெரியும்? 1802-ல் பரங்கிமலைப் பக்கம் நில அளவையை ஆரம்பித்த லாம்டன், தஞ்சைச் சமவெளியில் குன்று இல்லையே என்று உட்கார்ந்து அழவில்லை. கோயில் கோபுரங்களைப் பிடித்தார்.

தேர்ந்தெடுத்ததோடு வேலை முடிந்ததா? இல்லை சாமி. சித்திரையில் நடந்து பார்த்த கண்மாய் கார்த்திகையில் நிரம்பியிருக்கும். குறுக்கு வழி இடுப்பளவு தண்ணீர். 2017-ல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை சீமைக்கருவேலத்தை அகற்ற உத்தரவிட்ட பிறகு வெட்டப்பட்ட புதர்கள் பழைய படங்களில் இன்னும் பச்சையாகத்தான் இருக்கும். இரண்டு கொடிகளுக்கு நடுவே நேர்கோட்டில் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு ஒன்று இருந்தால் கொடியை மாற்றித்தான் ஆகவேண்டும். "அங்கே ஒரு ஆளை நிறுத்திக்கலாம்" என்பது பதிலே கிடையாது. வேகமாக ஓடுகிறவன் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டேதான் ஓடுவான்.

ஆகவே, கொடி வைத்தவரே சரிபார்த்தால் போதாது. அதைப் பார்க்காத இன்னொருவர் வெறும் வரைபடத்தோடு போட்டிக்கு முன்னால் நடந்து பார்க்கணும். அவர் தடுமாறுகிற இடத்தில் கொடியை நகர்த்தணும்.

இதுக்கெல்லாம் நேரமில்லை என்கிறவர்கள் தாராளமாகக் கயிறு இழுக்கும் போட்டி நடத்தட்டும். அதற்கு வரைபடம் வேண்டாம் :-)