கரும்பு வெட்டுக்கு முன்னும் பின்னும்

கரும்பு பயிரிட்டு ஜீவனம் நடத்தும் சிறு விவசாயிக்கு வருமானம் மாதந்தோறும் வருவதில்லை. ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு கிடைத்து, கரும்பை வெட்டி வண்டியேற்றி, எடைபோட்டு, கிரயம் கைக்கு வந்து சேரும் அந்த ஒரு சமயத்தில்தான் வருஷம் முழுவதற்குமான பணத்தை அவன் ஒருசேரக் காண்கிறான். அதற்கு முந்தைய மாதங்களில் மனைவியின் காதணி அடகுக் கடையில் இருக்கும். மளிகைக் கடைப் பற்று ஏறியிருக்கும். பள்ளிக்கூடம் திறக்கும் தேதி நெருங்கிக்கொண்டிருக்கும். அதே மனிதன், அதே வீடு, அதே நிலம். ஆயினும் வெட்டுக்கு முன் ஏழையாகவும் வெட்டுக்குப் பின் சற்றே வசதியுள்ளவனாகவும் ஒரே வருஷத்துக்குள் இரண்டு வாழ்க்கைகளை அவன் வாழ்ந்துவிடுகிறான். பணத்துக்கும் மகிழ்ச்சிக்கும் என்ன சம்பந்தம் என்ற புராதனமான கேள்விக்கு, சீமான்களின் மாளிகைகளைக் காட்டிலும் இந்தக் குடியானவனின் இல்லத்திலேதான் தெளிவான விடை இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர், ஜியாயிங் ஜாவோ என்னும் ஆராய்ச்சியாளர் நால்வர், விழுப்புரம், திருவண்ணாமலை வட்டாரத்துக் கிராமங்களில் 464 கரும்பு விவசாயிகளுக்கு, வெட்டுக்கு முன்பு ஒரு முறையும் பின்பு ஒரு முறையும், யோசனைக் கூர்மையையும் கவனத்தையும் அளக்கும் பரீட்சைகளை வைத்தார்கள். 2013-இல் ‘சயன்ஸ்’ சஞ்சிகையில் வெளியான அவர்களுடைய முடிவு மனத்தை உருக்குவது. பணமுடை நெருக்கிய காலத்தில் தாமதித்தும் தவறியும் விடை சொன்ன அதே விவசாயிகள், கிரயம் கைக்கு வந்த பிறகு விரைவாகவும் சரியாகவும் சொன்னார்கள். புத்தி குறைந்ததனால்தான் ஏழை ஏழையாக இருக்கிறான் என்று காலங்காலமாகச் சொல்லிவந்த கொடிய பேச்சுக்கு இதைவிடச் சிறந்த மறுப்பு வேண்டியதில்லை. புத்தி வேலை செய்ய வேண்டிய இடத்தையெல்லாம் தரித்திரம் கவலையைக் கொண்டு அடைத்துவிடுகிறது.

புத்திக்கு நேரும் இந்தக் கதி அன்புக்கு நேராமலிருக்குமா? வட்டிக்காரனிடம் தவணை கேட்டுவிட்டு வீடு திரும்பும் தகப்பனிடம், நிலா ஏன் நம்மோடு கூடவே வருகிறது என்று குழந்தை கேட்டால், அவன் காதில் அது விழுவதில்லை. விழுந்தாலும் எரிந்து விழுகிறான். உப்பு குறைந்ததற்காக மனைவியோடு மூளும் சச்சரவின் உண்மையான காரணம் அடகுச் சீட்டில் இருக்கிறது. பாசத்துக்குக் குறைவில்லாத அந்த வீட்டில், பாசத்தைச் செலுத்துவதற்கு வேண்டிய மன அவகாசம் மாத்திரம் இல்லாமற்போகிறது. ஆகவே, அன்பிருந்தால் போதும், பணம் எதற்கு என்று வசதியுள்ளவர்கள் ஏழைகளுக்கு உபதேசிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

அப்படியானால் வருமானம் பெருகப் பெருகச் சந்தோஷமும் பெருகிக்கொண்டே போகுமா? 2010-இல் டேனியல் கானெமன், ஆங்கஸ் டீட்டன் என்னும் அறிஞர்கள், அமெரிக்காவில் ஆண்டு வருமானம் சுமார் 75,000 டாலரைத் தாண்டிய பின் அன்றாட மனநிறைவு மேலும் உயர்வதில்லை என்று அறிவித்தார்கள். மாத்யூ கில்லிங்ஸ்வர்த் என்பவர் 2021-இல், அவ்வெல்லையைத் தாண்டியும் உயர்கிறது என்று காட்டினார். முரண்பட்ட கானெமனும் கில்லிங்ஸ்வர்த்தும் வாதத்தை நிறுத்திவிட்டு ஒன்றாக அமர்ந்து ஆராய்ந்து, 2023-இல் கண்ட முடிவு இது: பெரும்பாலோருக்கு வருமானத்தோடு மகிழ்ச்சியும் ஏறுகிறது, ஆனால் மிகவும் துயருற்றிருக்கும் ஐந்தில் ஒரு பங்கினருக்கு, ஏறத்தாழ ஒரு லட்சம் டாலருக்கு மேல் பணம் எந்த ஆறுதலையும் தருவதில்லை. பிரிவு, மரணம், மனநோய் போன்ற துக்கங்கள் பணத்தின் கைக்கு எட்டாதவை. மேலும், மகிழ்ச்சி ஒரு படி ஏற வேண்டுமானால் வருமானம் இரட்டிக்க வேண்டியிருக்கிறது. பத்தாயிரம் ரூபாய் வாங்குபவனுக்கு இன்னொரு பத்தாயிரம் செய்யும் உபகாரத்தை, லட்சம் வாங்குபவனுக்கு இன்னொரு லட்சந்தான் செய்ய முடியும்.

அந்த இன்னொரு லட்சத்துக்கு எதை விலையாகக் கொடுக்கிறோம் என்பதைத்தான் நாம் நிதானமாகச் சிந்திக்க வேண்டும். நம் முன்னோர் இந்தக் கணக்கை அறியாதவர்களல்லர். தலைவியைப் பிரிந்து பொருள் தேடப் புறப்படும் தலைவனைப் பாலைத்திணையில் வைத்து, ‘பொருள்வயிற் பிரிவு’ என்று பெயரிட்டார்கள். புறப்பட எண்ணியவன் தயங்கி நிற்பதற்கும் ‘செலவழுங்கல்’ என்று ஒரு துறை கண்டார்கள். பொருளை அவர்கள் இகழவில்லை. பிரிவின் விலையையும் மறைக்கவில்லை. இன்று வளைகுடா நாட்டிலிருந்து மாதந்தோறும் பணம் அனுப்பும் தகப்பனுடைய முகத்தைக் கைபேசியில் மட்டுமே கண்டு வளரும் குழந்தைக்கும், நகரத்தில் உறங்கும் குழந்தையை விட்டுப் புறப்பட்டு, அது மறுபடி உறங்கிய பின் வீடு திரும்பும் உத்தியோகஸ்தருக்கும் அந்தப் பாலை பழங்கதையன்று. முடை திருடிய அதே அவகாசத்தைச் சம்பாத்தியமும் திருடிக்கொள்கிறது.

உறவுகளுக்கு வேண்டிய இந்த அவகாசத்தை இழப்பதன் நஷ்டம் சரீரம் வரையில் எட்டுகிறது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மாணவர்கள் 268 பேரையும், பாஸ்டன் நகரத்து ஏழைக் குடியிருப்புகளின் சிறுவர்கள் 456 பேரையும் ஆயுள் முழுவதும் பின்தொடர்ந்த ஆய்வு 1938-இல் தொடங்கியது. ஐம்பது வயதில் தங்கள் உறவுகளில் நிறைவு கண்டவர்களே எண்பது வயதில் ஆரோக்கியமாக இருந்தார்கள் என்றும், ரத்தத்திலுள்ள கொழுப்பின் அளவைவிட அதுவே நம்பத்தக்க அறிகுறியாக இருந்தது என்றும் அதன் இயக்குநர் ராபர்ட் வால்டிங்கர் எடுத்துரைக்கிறார்.

ஆகையால் சமூகத்தின் முதற்கடமை, ஏழையின் வருமானத்தை உயர்த்துவதோடு அதை நாள் தவறாமல் சேர்ப்பிப்பதும் ஆகும். கரும்பு பெற்ற 14 நாட்களுக்குள் கிரயம் தர வேண்டும், தவறினால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி சேர்க்க வேண்டும் என்று 1966-ஆம் வருஷத்துக் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை விதிக்கிறது; இருந்தும் நிலுவைக்காக விவசாயிகள் வீதியில் நிற்பதைப் பலமுறை கண்டிருக்கிறோம். அந்த நிலுவையில் ஒரு குடும்பத்தின் நிம்மதியும் சேர்ந்தே நிலுவையாகிறது. தமிழ்நாட்டில் 2023 செப்டம்பர் 15 அன்று ஒரு கோடிக்கு மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாயாகத் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகையில், தொகையின் அளவைவிட அது மாதந்தோறும் வரும் என்ற நிச்சயத்தையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

போதுமான வருமானம் உள்ளவர்களுக்கு வேறொரு கடமை இருக்கிறது: அடுத்த பதவியையும் அடுத்த மனையையும் ஏற்குமுன், செலவழுங்கிய தலைவனைப் போல ஒரு கணம் தயங்கி நிற்பது. கிரயம் கிடைத்த அன்று மாலை, அடகிலிருந்து மீட்ட காதணியோடு வீடு திரும்பும் அந்த விவசாயியைக் குழந்தை மறுபடியும் நிலாவைப் பற்றிக் கேட்கும். இம்முறை அவன் திண்ணையில் உட்கார்ந்து பதில் சொல்வான். முடை தீர்ந்து வெகுகாலமான நம் வீடுகளிலும் அந்தக் கேள்வி எழுந்துகொண்டுதான் இருக்கிறது.