தரகருக்குத் தலைக்காசு, நமக்குத் தலைச்சுமை



தோட்டத்தில் ஒருவர் வெளிநாட்டு ஏஜென்ட்டிடம் பணத்தைப் பறிகொடுத்துவிட்டால், மறுநாள் பெரட்டுக்களத்தில் என்ன பேச்சு கேட்கிறது? "பேராசை பிடிச்சா இப்படித்தான்." "படிக்காத சனம், ஏமாறாம என்ன செய்யும்?" பணத்தை எடுத்தவனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கொடுத்தவர் தலைகுனிந்து மலைக்குப் போகிறார். எடுத்தவன் பக்கத்து டிவிஷனில் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுகிறான்.

இந்தப் பேச்சை நாங்கள் ஏற்கவில்லை. ஏன் என்று கணக்கோடு சொல்கிறோம்.

ஆயிரம் ரூபா நாட்சம்பளம் கேட்டு 2015இல் குரல் கொடுத்தோம். அது வர்த்தமானியில் வர 2021 மார்ச் ஆனது. கைக்கு வந்த அடுத்த வருடமே அரிசி விலையும் மா விலையும் அதை விழுங்கிவிட்டன. 2024இல் 1,350 ரூபா ஆனது. அப்போது மாதம் 25 நாளும் முழுப்பேர் விழுந்தாலும் 33,750 ரூபாதான் வந்தது. ஈ.பி.எப்., சங்கச் சந்தா, வாங்கிய முற்பணம் எல்லாம் கழிந்து கைக்கு வருவது எவ்வளவு என்று சம்பளச் சீட்டைப் பாருங்கள். நிறை குறைந்தால் அரைப்பேர். எத்தனை தோட்டங்களில் 25 நாள் வேலையே கிடைப்பதில்லை! இந்த வீட்டில் வளர்ந்த பிள்ளை, "மாசம் ஒன்றரை லட்சம், சாப்பாடு தங்குமிடம் இலவசம்" என்று கேட்டதும் நிமிர்ந்து பார்ப்பது பேராசையா? தம்பி தங்கையை உயர்தரம் படிக்கவைக்கவும், ஒழுகும் லயக் கூரைக்குப் புதுத் தகரம் போடவும் நினைப்பது பேராசையா?

எங்கள் பகுதியில் நாங்கள் கண்ட ஏமாற்று இரண்டு வகை. ஒன்று, ஆண்களிடம் பணம் வாங்குவது. மற்றது, பெண்களுக்குப் பணம் கொடுப்பது. இரண்டாவதைப் பலர் ஏமாற்று என்றே நினைப்பதில்லை.

முதல் வகைக்கு ஒரு உதாரணம். நாற்பது வருடம் கொழுந்து பறித்த ஒரு அம்மாவின் சேவைக்காலப் பணம் மகனுக்காக ஏஜென்ட்டின் கைக்குப் போனது. மூன்று லட்சம். அதை 2024இன் நாட்சம்பளமான 1,350ஆல் பிரித்தால் 222 நாளுக்கு மேல் வருகிறது. மாதம் 25 நாள் என்று பார்த்தால் ஏறக்குறைய ஒன்பது மாத உழைப்பு. மகனுக்குக் கிடைத்தது விசிட் விசா. "அங்க போனதும் மாத்திக்கலாம். ஏர்போர்ட்டில கேட்டா சொந்தக்காரரைப் பார்க்கப் போறேன்னு சொல்லு" என்று பாடம் சொல்லி அனுப்பினார்கள். போன இடத்தில் ஒரே அறையில் பன்னிரண்டு பேர். வேலை இல்லை. விசா முடிந்தது. ஏஜென்ட்டின் போன் அடிக்கவில்லை. திரும்பி வர டிக்கெட் எடுக்க வீட்டில் மிச்சமிருந்த தோடும் அடகுக்குப் போனது.

இரண்டாம் வகையில், வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணின் கையில் புறப்படும் முன்பே இரண்டு லட்சம் வைக்கிறார்கள். "காசு தர்றவங்க எப்படி ஏமாத்துவாங்க?" என்று எங்களிடமே கேட்டார்கள். யோசித்துப் பாருங்கள். அந்த ஏஜென்ட் தர்மம் செய்ய வந்தவரா? அந்தப் பெண்ணை அனுப்புவதற்கு அங்கிருந்து அவருக்குக் கமிஷன் வருகிறது. அதில் ஒரு பங்கைத்தான் இங்கே காட்டுகிறார். போன வீட்டில் நான்கு மாதமாகச் சம்பளம் இல்லை, ஊருக்கு அனுப்புங்கள் என்று அவர் அழுதபோது வந்த பதில்: "உனக்குச் செலவழிச்ச காசைக் கட்டிட்டுப் போ." அவர் திரும்பி வர இரண்டு வருடம் ஆனது. அதற்குள் மூத்த மகள் பாடசாலையை விட்டு விலகிவிட்டாள்.

இது நமக்குப் புதிது இல்லை. நம் முன்னோரைக் கடல் கடத்திக் கூட்டிவந்த கங்காணியும் முதலில் கையில் காசுதான் கொடுத்தார். அந்த முற்பணமே கடனானது. கடனை எழுதிய தாளுக்குத் துண்டு என்று பெயர். அந்தத் துண்டை அடைக்காமல் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக முடியாது. கங்காணிக்கோ ஆள் கணக்கில் தலைக்காசு. துண்டு முறையை 1921இல் சட்டம் போட்டு ஒழித்தார்கள். நூறு வருடம் தாண்டியும், நம் பெண்களின் கையில் முற்பணத்தை வைத்து அவர்களைக் கட்டிப்போடும் பழைய வேலை நடந்துகொண்டுதான் இருக்கிறது.

படிப்பில்லாததால் ஏமாறுகிறார்கள் என்பவர்களுக்கு ஒரு கேள்வி. மியன்மாரில் கணினி வேலை என்று நம்பிப் போன இலங்கை இளைஞர்கள் மோசடி முகாம்களில் அடைபட்ட செய்தியைப் படித்தீர்களா? இணையத்தில் மற்றவர்களை ஏமாற்றச் சொல்லி அவர்களை வதைத்தார்கள். அவர்கள் கணினி தெரிந்தவர்கள், ஆங்கிலம் தெரிந்தவர்கள். 2022 இறுதியில் ஓமானுக்கு விசிட் விசாவில் அனுப்பப்பட்ட பெண்களின் கதையும் நாடறிந்தது. திட்டம் போட்டு ஏமாற்றும் கூட்டத்தின் முன் படித்தவரும் விழுகிறார். நம் மக்கள் விழுந்தால் மட்டும் ஏன் கேலி?

படிப்பைப் பற்றிப் பேசுவதானால் இதையும் பேசுவோம். கையெழுத்துப் போடச் சொல்லும் ஒப்பந்தம் ஆங்கிலத்திலும் அரபியிலும் இருக்கிறது. பெற்றோர் அதைப் பாடசாலைக்குக் கொண்டுவருகிறார்கள், அல்லது பத்தாம் வகுப்புப் பிள்ளையை வாசிக்கச் சொல்கிறார்கள். பணம் போன பிறகு பொலிசுக்குப் போனால், "இது கொடுக்கல் வாங்கல், கோர்ட்டுக்குப் போங்க" என்று திருப்பி அனுப்புகிறார்கள். முறைப்பாட்டை எழுதினாலும் சிங்களத்தில் எழுதுகிறார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே கீழே கையெழுத்து. தமிழும் அரச கரும மொழி என்று 1987 முதல் அரசியலமைப்பில் இருக்கிறது. மலையகத்துப் பொலிஸ் நிலையங்களின் மேசைக்கு அது எப்போது வந்து சேரும்?

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஏஜென்ட் தானாகத் தோட்டத்துக்குள் வரவில்லை. கூட்டிவந்து, "தெரிஞ்ச ஆள்தான், நம்புங்க" என்று சொன்னவர் நம் லயத்திலேயே இருக்கிறார். அவருக்கு ஆளுக்கு இவ்வளவு என்று கமிஷன். சில இடங்களில் அவர் தோட்டத் தலைவராகவும் இருக்கிறார். எந்தச் சங்கமாக இருந்தாலும், எங்கள் சங்கமாகவே இருந்தாலும், உறுப்பினரை ஏஜென்ட்டிடம் கூட்டிக்கொடுத்துக் காசு வாங்கியவர் தலைவர் பதவியில் இருக்கக்கூடாது.

பாதிக்கப்பட்டவர்களோடு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியதில் நாங்கள் கற்றவை இவை:

1. 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இல்லாமல் யாரும் ஆள் அனுப்ப முடியாது. அனுமதிப்பத்திர இலக்கத்தைக் கேளுங்கள். பணியகத்தின் 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்துச் சரிபாருங்கள்.

2. விசிட் விசா வேலை விசா அல்ல. "போய் மாத்திக்கலாம்" என்று சொன்னால் அங்கேயே பேச்சை நிறுத்துங்கள்.

3. புறப்படும் முன் பணியகத்தில் பதிய வேண்டும். பதிந்தவருக்குக் காப்புறுதி உண்டு. பதியாமல் போனவருக்காகப் பேசுவது மிகக் கடினம்.

4. ரசீது இல்லாமல் ஒரு சதம் கொடுக்காதீர்கள். ஒரே ஏஜென்ட்டிடம் ஏமாந்த நான்கு பேரில், வங்கியில் போட்ட துண்டையும் வாட்ஸ்அப் குரல் பதிவுகளையும் வைத்திருந்தவர்தான் பணத்தில் பாதியாவது திரும்பப் பெற்றார். கையில் கொடுத்த மூவருக்கும் ஒன்றும் வரவில்லை.

5. கடவுச்சீட்டு, அடையாள அட்டை, ஒப்பந்தம் எல்லாவற்றுக்கும் பிரதி எடுத்து வீட்டில் வையுங்கள். வாசித்து விளங்காத தாளில் கையெழுத்து வேண்டாம்.

6. கையில் தரும் பணத்தை எண்ணும் முன், "இடையில் வந்தால் இதைத் திருப்பிக் கட்ட வேண்டுமா?" என்று சாட்சி வைத்துக் கேளுங்கள்.

ஆனால் எல்லாக் கவனமும் தொழிலாளியே படவேண்டும் என்றால் அரசாங்கம் எதற்கு? நாம் கேட்பது மூன்று. பணியகத்தின் நடமாடும் சேவை தோட்டங்களுக்குத் தமிழ் பேசும் அதிகாரிகளோடு வர வேண்டும். ஒப்பந்தத்தின் தமிழ்ப் பிரதியைக் கையெழுத்துக்கு முன்பே கொடுக்க வேண்டும். மோசடி முறைப்பாட்டைத் தமிழில் எழுதி, பிரதியை முறைப்பாட்டாளர் கையில் கொடுக்க வேண்டும். இவற்றோடு வாழக்கூடிய சம்பளமும் வேண்டும். உள்ளூரில் வயிறு நிறைந்தால், ஏஜென்ட் காட்டும் தாளை நம் பிள்ளைகள் ஆற அமர இருந்து வாசிப்பார்கள்.

ஏமாந்தவர் வெட்கப்பட்டு வாயை மூடும்வரை ஏமாற்றியவனுக்குப் பயமில்லை. ஆகவே மாதக் கூட்டத்தில் எழுந்து சொல்லுங்கள். யாரிடம், எப்போது, எவ்வளவு என்று சொல்லுங்கள். கேலி செய்பவரை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். இனிப் போக நினைப்பவர்கள், கையெழுத்துக்கு முன் தாளைக் கொண்டு வாருங்கள். சங்க அலுவலகத்திலோ பாடசாலை விட்ட பிறகோ வாசித்துத் தமிழில் சொல்கிறோம். அதற்குக் காசு இல்லை, கமிஷனும் இல்லை.