சாரத்தில் ஏறும் முன்

ஆண்டுதோறும் ஏப்ரல் 28ஆம் நாளைப் பணியிடப் பாதுகாப்பு உலக நாளாக, ஐ.எல்.ஓ. எனப்படும் உலகத் தொழில் நிறுவனம் கடைப்பிடித்து வருகிறது. 2025ஆம் ஆண்டில் அது எடுத்துக்கொண்ட மையப்பொருள், பணியிடப் பாதுகாப்பில் செயற்கை அறிவும் கணினித் தொழில்நுட்பமும் ஆற்றும் பங்கு என்பது. அதில் பேசப்பட்டவற்றுள் மெய்நிகர் காட்சிவழிப் பயிற்சியும் ஒன்று. கட்டடத் தொழிலிலும் இது பரவி வருகிறது.

கண்களை முழுதும் மூடும் கனமான கண்ணாடி ஒன்றைத் தொழிலாளி அணிந்துகொள்கிறார். அவர் நிற்பது ஓர் அறையின் தரையில்தான். கண்முன் விரிவதோ பத்தாவது மாடிச் சாரம். குனிந்தால் கீழே தெரு தெரிகிறது. சரியாகக் கட்டப்படாத பலகையில் கால் வைத்தால் 'விழுகிறார்'. உடல் நடுங்குகிறது, எலும்பு முறிவதில்லை. உண்மையான களத்தில் யாருக்கும் இப்படிப் பிழைசெய்து கற்கும் வாய்ப்பு கிடைப்பதில்லை.

இது பயன் தருகிறதா? இஸ்ரயேலின் ஹைஃபா நகரிலுள்ள டெக்னியன் கல்வி நிறுவன ஆய்வாளர்கள் 2013ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு ஒன்று நம் கவனத்திற்குரியது. 66 பேரில் ஒரு பகுதியினர்க்கு வழக்கமான வகுப்பறைப் பாடமும், மற்றவர்க்கு முப்பரிமாணத் திரையில் விரியும் கட்டுமானக் களமும் தரப்பட்டன. பயிற்சிக்கு முன்னும், முடிந்த உடனும், ஒரு மாதம் கழித்தும் அவர்களைச் சோதித்தார்கள். காங்கிரீட் வார்ப்பு, சுவரில் கல் பதித்தல் ஆகிய பணிகளில் மெய்நிகர் பயிற்சி பெற்றோரே மேம்பட்டு நின்றனர். பாடத்தில் அவர்களது கவனமும் கூடுதலாக நிலைத்தது. ஆனால், களத்தின் பொதுவான பாதுகாப்பைப் பொறுத்தவரை இரு பிரிவினர்க்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இக்கடைசி முடிவையும் நாம் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

நம் ஊர்களுக்கு வருவோம். பெரிய கட்டுமானங்களில் வேலை செய்யும் பீகார், ஒடிசா தொழிலாளர்க்குத் தமிழ் விளங்காது. மேஸ்திரிக்கு இந்தி பாதிதான் வரும். காட்சிக்கு மொழி அதிகம் தேவையில்லை என்பதால் அங்கே இக்கருவி உண்மையிலேயே நன்மை செய்யும். ஆனால், காலையில் சாலை முனையில் கூலிக்கு நின்று, யாரோ ஒருவரது வீட்டு வேலைக்குச் செல்லும் கொத்தனாரிடமும் சித்தாளிடமும் அது இப்போதைக்கு வந்துசேரப் போவதில்லை.

நம்மை உறுத்துவது வேறொன்று. பாதுகாப்பு இயலில் ஒரு வரிசைமுறை உண்டு. முதலில் ஆபத்தையே அகற்ற வேண்டும். முடியாவிட்டால் கைப்பிடிக் கம்பி, வலை போன்ற தடுப்புகள். அதன் பின்னரே பயிற்சியும் விதிகளும்; கடைசியில் தலைக்கவசமும் பெல்ட்டும். ஆக, பயிற்சியின் இடம் கீழேதான். சென்னை மௌலிவாக்கத்தில் 2014ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள், கட்டப்பட்டுவந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தனர். தூண்கள் தாங்குமா என்பதை எந்தக் கண்ணாடியும் அத்தொழிலாளர்க்குக் காட்டியிருக்க முடியாது. வரைபடம் போடுபவரும், கட்டுபவரும், அனுமதி அளிப்பவரும் பார்க்க வேண்டியது அது.

சரி, ஆபத்தைக் கண்டுகொண்ட தொழிலாளி அடுத்து என்ன செய்வார்? உயிருக்கு உடனடி ஆபத்து எனத் தக்க காரணத்தோடு கருதி வேலையிலிருந்து விலகுபவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது, ஐ.எல்.ஓ.வின் 1981ஆம் ஆண்டு 155ஆம் ஒப்பந்தம். 2022ல் அது அடிப்படை ஒப்பந்தங்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. இந்தியாவில் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும், அத்தகைய ஆபத்தை முதலாளிக்கும் ஆய்வாளருக்கும் தெரிவிக்க வழி தருகிறது. ஆனால், "இந்தச் சாரத்தில் ஏற மாட்டேன்" என்று சொன்னால் நாளை கூப்பிட மாட்டார்கள் என்பது நாள்கூலிக்காரருக்குத் தெரியும். எனவே, அக்கண்ணாடியை முதலில் மேஸ்திரிக்கும் ஒப்பந்ததாரருக்கும் மாட்டி, ஒருமுறை விழச் செய்வது நல்லது என்று நமக்குத் தோன்றுகிறது.

நாமும் அந்த வரிசையில் உண்டு. வீடு கட்டுகிறோம், பங்கில் கோவில் கட்டுகிறோம், பள்ளிக்கு மாடி எழுப்புகிறோம். சிமெண்ட் எந்த நிறுவனத்தது, கம்பி எத்தனை மில்லிமீட்டர் என்றெல்லாம் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குகிறோம். வலைக்கும் பெல்ட்டுக்கும் அதில் ஒரு வரி இருந்ததா? இல்லையெனில், அடுத்த தளத்துக்குச் சாரம் கட்டும் முன் அதைச் சேர்க்கலாம். அதற்காகக் கூடும் தொகையையும் நாமே தர வேண்டியிருக்கும்.