முன்னோர் ஊர் தேடிச் செல்வோருக்கு

இலண்டனில் வாழும் என் பழைய மாணாக்கர் ஒருவர், தம்மோடு பணிபுரியும் யூத நண்பருக்குத் துணையாக 2019ஆம் ஆண்டில் மேற்கு உக்ரைனிலுள்ள புரோடி நகருக்குச் சென்றுவந்தார். நண்பருடைய பாட்டனுக்குப் பாட்டன் வாழ்ந்து மடிந்த ஊர் அது. 1942இல் அவ்வூர் யூதர் ஆயிரக்கணக்கிற் பெல்செக் கொலைக்களத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அடுத்த ஆண்டில் எஞ்சியோரிற் பெரும்பாலாரும் அழிக்கப்பட்டனர். இன்று அங்கே நிற்பவை பாழடைந்த செபக்கூடமும் இடுகாடுமே.

இடுகாட்டில் இருவரும் ஒரு பகல் முழுதும் குடும்பப் பெயரைத் தேடினராம், கிடைக்கவில்லை. நூற்றுக்கணக்கான படங்களை எடுத்துக்கொண்டு திரும்பினர். “ஐயா, வெறுங்கையோடு வந்தோம்” என்று மாணாக்கர் எனக்கு எழுதியிருந்தார்.

கற்கள் மீது குற்றமில்லை. அந்நாட்டு யூதர்க்குக் குடும்பப் பெயர் என்பது, 1787இல் ஆத்திரியப் பேரரசர் இரண்டாம் யோசேப்பு அரச பதிவுக்காக இட்ட கட்டளையால் வந்தது. பழைய கல்லறைகளிற் பெரும்பாலும் ‘இன்னார் மகன் இன்னார்’ என்றே எபிரேய எழுத்திற் பொறித்திருப்பர். தந்தை பெயரை முதலெழுத்தாகத் தாங்கும் நமக்கு இது புதிதன்று. ஆயினும் என் மாணாக்கருக்கும் அது தோன்றவில்லை! ஆண்டையும் எழுத்தாலேயே குறிப்பர். தாவ் 400, ரேஷ் 200, சாமெக் 60, ஆக 660. அதனோடு 1240 கூட்டின் 1900 என வரும். விரித்த இரு கைகளைச் செதுக்கியிருந்தால் குருமரபினர். நீர்க்கெண்டி இருந்தால் லேவியர்.

எபிரேய எழுத்துக்கள் இருபத்திரண்டே. ஒரு திங்களிற் கற்கலாம். பயணச்சீட்டுக்குப் பொருள் சேர்க்கும் காலத்தில் இதனைச் செய்யலாகாதா என்பதே என் வினா. மூதாதையர் மண்ணில் நெஞ்சுருகி நின்றாற் போதாதோ எனச் சிலர் கேட்பர். அவ்வுருக்கத்தை யான் இகழேன். ஆனால் உருகி நிற்க அயலானும் வல்லன்; என் மாணாக்கரும் அன்று உருகியே நின்றார். அங்கே கிடப்போரின் பெயரை வாய்விட்டுப் படிக்கும் கடன் பேரனுக்கன்றோ உரியது? படிக்கத் தெரியாதவனுக்குத் தன் பாட்டன் கல்லும் அயலான் கல்லும் ஒன்றே.

2022இல் போர் மூண்டபின் அந்நண்பருக்கு அங்கே மீண்டும் செல்ல வாய்க்கவில்லை. எடுத்த படங்களை வைத்துக்கொண்டு இப்போது எழுத்துக் கற்கிறாராம். படங்கள் பல சாய்வாக எடுக்கப்பட்டவை; கீழ்வரிகளைப் புல் மறைத்திருக்கிறது. இறந்த ஆண்டைப் பெரும்பாலும் அக்கீழ்வரிகளிலேதான் பொறிப்பார்கள்.