ஜீன்னா புதுத் தலையெழுத்தா?

எங்க சாகுபுரத்துல தெரிஞ்ச ஒரு வீட்டுல பச்சைக் குழந்தை இறந்துபோச்சு. செப்சிஸ், அதாவது ரத்தத்துல கிருமி கலந்து உடம்பே நிலைகுலையுறது. முதல் நாள் பால் குடிக்கலை, உடம்பு சில்லுன்னு இருந்துச்சு. "காய்ச்சல் இல்லையே, காலையில பாத்துக்கலாம்"னு ஒரு ராத்திரி போயிடுச்சு. அந்த வீட்டுல இது ரெண்டாவது குழந்தை.

பக்கத்து வீட்டு ஆச்சி "தலையெழுத்து"ன்னாங்க. பயாலஜி படிக்கிற என் நண்பன் "ஜீன்ல பிரச்சினை இருக்கும்"னான். யோசிச்சா ரெண்டு பேரும் சொன்னது ஒண்ணுதான்: யாரும் எதுவும் செஞ்சிருக்க முடியாது. இதை என்னால ஏத்துக்க முடியலை.

ஜீனுக்குப் பங்கு இருக்கு, மறுக்கலை. தத்துப் பிள்ளைகளைப் பத்தி டென்மார்க்ல நடந்த ஆய்வு 1988-ல வெளிவந்துச்சு. பெத்தவங்கள்ல ஒருத்தர் 50 வயசுக்குள்ள தொற்றுநோயால இறந்திருந்தா, வேற வீட்டுல வளர்ந்த பிள்ளைக்கும் அப்படி இறக்குற ஆபத்து அஞ்சு மடங்குக்கு மேல.

ஆனா டெல்லிக்கு வாங்க. மூணு பெரிய மருத்துவமனைகள்ல 2011 முதல் 2014 வரை நடந்த ஆய்வுல, குழந்தைகள் ரத்தத்துல இருந்த கிருமிகள்ல நிறைய, பல மருந்துகளுக்கு அடங்காதவை. இது பாட்டன் சொத்தா? கழுவாத கையும், கண்டபடி கொடுத்த ஆன்டிபயாடிக்கும் வளர்த்துவிட்டது. ஒடிசா கிராமங்கள்ல 4,500-க்கும் அதிகமான பச்சைக் குழந்தைகளோட ஒரு ஆய்வு, 2017-ல வெளிவந்தது. ஒரு வாரம் நல்ல பாக்டீரியாவை வாய்வழியா கொடுத்ததுல செப்சிஸும் மரணமும் சேர்த்து 40 சதவீதம் குறைஞ்சது. யாரோட ஜீனையும் மாத்தலை!

சரி, நிஜமாவே ஜீன்தான் காரணம்னா? அப்பவும் கையைக் கட்டிக்கிட்டு உட்காரக் கூடாது. நம்ம பக்கம் அத்தை மகன், மாமன் மகள் கல்யாணம் சகஜம். நோய் எதிர்ப்பு சக்தியில பிறவியிலேயே வர்ற சில குறைகள் சொந்தத்துல கட்டின குடும்பங்கள்ல அதிகம் வெளிப்படும். தொப்புள்கொடி வாரக்கணக்குல விழாம இருந்தா அது ஒரு எச்சரிக்கை. சாதாரண ரத்தப் பரிசோதனையில வெள்ளணுக் கணக்கே சிலதைக் காட்டிக் கொடுக்கும். சிலதுக்கு எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையும் இருக்கு.

முதல் குழந்தை போனப்பவே யாராவது "ஏன்?"னு கேட்டிருக்கணும். ஒருத்தரும் கேக்கலை. உங்க சொந்தத்துல தொற்றுநோயால குழந்தையை இழந்தவங்க இருந்தா, அடுத்த பிரசவத்துக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட அதைச் சொல்லச் சொல்லுங்க. பால் குடிக்காத பச்சைக் குழந்தையோட விடியறவரைக்கும் காத்திருக்காதீங்க.