ரப்பர் பாலும் வெயில் மின்சாரமும்

வாசகர்களே, செங்காங் பக்கம் போயிருக்கிறீர்களா? இன்று அது வீவக அடுக்குமாடிகளின் நகரம். ஒரு காலத்தில் அங்கேயும் ரப்பர் தோட்டங்கள் இருந்தன. மிளகும் அன்னாசியும் பயிரானதுண்டு. சிங்கப்பூரின் வீவக கூரைகளில் வெயிலை மின்சாரமாக்கும் பலகைகளைப் பரவலாகப் பொருத்தும் 'சோலார்நோவா' திட்டம் 2014-ல் தொடங்கியது.

அந்தத் தீவில் வெயிலுக்குப் பஞ்சமில்லை, இடத்துக்குத்தான் பஞ்சம். 2021-ல் தெங்கே நீர்த்தேக்கத்தின் மேலேயே 1,22,000 பலகைகளை மிதக்கவிட்டார்கள் என்றால் பாருங்களேன்! ஆகவே, அதே இடத்தில் இன்னும் கொஞ்சம் மின்சாரம் எடுக்க முடியுமா என்பதே கேள்வி.

இப்போதுள்ள பலகைகள் பெரும்பாலும் சிலிக்கனால் ஆனவை. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரில் ஒரு பகுதி அதற்குப் பிடிபடாமல் வீணாகிறது. அதையும் பிடிக்க வல்லது 'குவாண்டம் புள்ளி'. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். அப்படிச் சில நானோமீட்டரே பருமனுள்ள ஈய சல்பைடுத் துகள் இது. பருமனை மாற்றினால் அது விழுங்கும் ஒளியும் மாறும். இத்தகைய புள்ளிகளைக் கண்டறிந்து உருவாக்கிய மௌங்கி பவெண்டி, லூயிஸ் புரூஸ், அலெக்ஸி யெகிமோவ் மூவருக்கும் 2023-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

சிக்கல் எங்கே? துகளின் மேல்தோலில். தோட்டத்து மக்களுக்கு இதைச் சொல்வது சுலபம். ரப்பர் பாலில் மிதக்கும் துளிகளுக்குப் புரதத்தால் ஆன மேலாடை உண்டு. அதனால்தான் அவை ஒட்டாமல் மிதக்கின்றன. அமோனியா ஊற்றினால் பால் கெடாமல் நிற்கும். தட்டில் அமிலம் கலந்தால் உறைந்துவிடும். மேலாடையின் தன்மை மாறியதுதான் காரணம்.

குவாண்டம் புள்ளிக்கும் ஒலீயிக் அமிலத்தாலான நீண்ட மேலாடை உண்டு. அது இல்லாவிட்டால் புள்ளிகள் கட்டிபட்டுப் போகும். இருந்தால், மின்சாரத்தைக் கடக்க விடாது! சும்மா களைந்துவிடவும் முடியாது. துணையற்று நிற்கும் மேற்பரப்பு அணுக்கள் மின்னணுக்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எனவே நீண்ட ஆடையைக் கழற்றி, அயோடைடு போன்ற குட்டை ஆடையை மாட்டுகிறார்கள். புள்ளிகள் நெருங்கி வரும், ஆனால் ஒன்றோடொன்று கரைந்துவிடா. ரப்பர் பாலுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அதுதான். இவ்வகை மேற்பரப்புச் சிகிச்சையால் 2012-ல் வெயிலில் 7 விழுக்காட்டை மின்சாரமாக்க முடிந்தது. அதன்பின் வேறு வகைப் புள்ளிகள் ஆய்வுக்கூடத்தில் 18 விழுக்காட்டை எட்டியுள்ளன. கடையில் விற்கும் நல்ல சிலிக்கன் பலகையோ 20-ஐத் தாண்டுகிறது.

ஈயம் நஞ்சு, காற்றும் ஈரமும் புள்ளிகளைக் கெடுக்கும். இந்த இரண்டையும் வென்றாக வேண்டும். ஆகையால், "புதுப் பலகை வரட்டும்" என்று கூரையைக் காலியாக வைத்துக் காத்திருக்க வேண்டாம். சிலிக்கனே இன்றைக்கு நல்ல துணை.

'வேதியியல் படித்து என்ன ஆகப்போகிறது?' என்று உங்கள் பிள்ளை கேட்டால், ரப்பர் பால் உறைந்த கதையைச் சொல்லுங்கள். ஸ்டோரில் தாத்தா அன்றாடம் கையாண்ட வித்தையைத்தான் இன்று உலக விஞ்ஞானிகள் நுணுக்கமாகச் செய்து பார்க்கிறார்கள்.