“வாயைக் கட்டு” என்னும் உபதேசமும் வயிற்றில் செய்யும் ஆபரேஷனும்

தின்று கொழுத்தவனுக்குத்தான் சர்க்கரை வியாதி வரும். வாயைக் கட்டினால் போய்விடும். இந்த உபதேசத்தை நாம் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! மில் டிஸ்பென்சரியில் கேட்டிருக்கிறோம். கல்யாண வீட்டுப் பந்தியிலும் கேட்டிருக்கிறோம். உடல் பருத்தவன் சோம்பேறி, நாக்கை அடக்கத் தெரியாதவன் என்ற ஏளனம் இதன் அடியில் பதுங்கிக் கிடக்கிறது. இந்த ஏளனத்துக்கு விஞ்ஞானத்தில் இடமில்லை என்று எடுத்துக்காட்டியது எது? ஒரு ஆபரேஷன்!

அமெரிக்காவில் அயோவா சர்வகலாசாலையைச் சேர்ந்த டாக்டர் எட்வர்ட் மேசன் 1967-ல் ஒரு புதிய ரண சிகிச்சையை வெளியிட்டார். இரைப்பையின் மேல்புறத்தில் ஒரு சிறு பையை மட்டும் பிரித்து, சிறுகுடலை அதோடு நேரே இணைத்துவிடுவது. உண்ணும் உணவு இரைப்பையின் பெரும்பகுதியையும் சிறுகுடலின் தொடக்கத்தையும் தொடாமல் கீழே இறங்கிவிடும். கொஞ்சமாகத்தான் உண்ண முடியும், உடல் இளைக்கும் என்பதே கணக்கு.

ஆனால் நடந்தது அதற்கு மேல். புகையிலை விளையும் வட கரோலினாவின் கிரீன்வில் நகரில் டாக்டர் வால்டர் போரிஸ் குழுவினர் 14 ஆண்டுகளில் 608 பேருக்கு இந்த ஆபரேஷனைச் செய்து, 1995-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். அவர்களில் 146 பேர் நீரிழிவு நோயாளிகள். அந்த 146 பேரில் 121 பேருக்கு ரத்தச் சர்க்கரை சாதாரண நிலைக்கு வந்து, அப்படியே நின்றது. அதிலும் ஆச்சரியம் என்னவென்றால், உடல் இளைப்பதற்கு முன்பே, ஆபரேஷன் ஆன சில நாட்களிலேயே சர்க்கரை இறங்கத் தொடங்கியது!

இது எப்படி? குடல் வெறும் குழாய் அல்ல. அது ரத்தத்தில் பலவகைச் சுரப்புகளை விடுகிறது. உணவு சீக்கிரமாகக் குடலின் கீழ்ப்பகுதியை எட்டும்போது ஜி.எல்.பி-1 என்ற சுரப்பு பெருகுகிறது. அது கணையத்தை இன்சுலின் சுரக்கத் தூண்டுகிறது. “போதும்” என்று மூளைக்கும் சொல்கிறது. முதல் நாட்களில் உணவு வெகுவாகக் குறைவதால் ஈரலில் படிந்த கொழுப்பும் கரைகிறது. அதுவும் சர்க்கரையை இறக்குகிறது. மன உறுதி நேற்றும் இன்றும் ஒன்றுதான். மாறியது குடலின் பாதை!

பட்டினி கிடந்து இளைத்தவர்கள் கதி என்ன என்பதையும் பாருங்கள். அமெரிக்க டெலிவிஷனில் உடல் இளைக்கும் போட்டி ஒன்று நடந்தது. அதில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு ஆண்டுகள் கழித்துப் பரிசோதித்து 2016-ல் முடிவை வெளியிட்டார்கள். இழந்த எடையில் பெரும்பகுதி திரும்பிவிட்டது. அவர்கள் உடல் செலவிடும் சக்தியோ, இருக்க வேண்டிய அளவைவிட நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி குறைவாகவே இருந்தது. அதாவது உடலே எதிர்த்துப் போராடுகிறது. இவர்களைப் பார்த்து “வாயைக் கட்டு” என்று சொல்வது என்ன நியாயம்?

அப்படியானால் கத்தியே கதியா? அதுவும் இல்லை.

சுவீடனில் 1987-ல் தொடங்கிய பெரிய ஆராய்ச்சியில் ஆபரேஷன் செய்துகொண்டோர் 2,010 பேர். அவர்களோடு ஒப்பிட, செய்துகொள்ளாதோர் 2,037 பேர். நீரிழிவு இருந்தவர்களில் 100-க்கு 72 பேருக்கு இரண்டாம் ஆண்டில் நோய் அடங்கியிருந்தது. பத்தாம் ஆண்டில் அது 36 ஆக இறங்கிவிட்டது. ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் மற்றவர்களைவிடச் சராசரி மூன்று ஆண்டுகள் அதிகம் வாழ்ந்தார்கள் என்று 2020-ல் தெரிந்தது. மூன்று ஆண்டு ஆயுள் அற்பமல்ல. ஆனால் “ஒரே நாளில் சர்க்கரைக்கு விடுதலை” என்று விளம்பரம் செய்கிறவர்கள் அந்த 36-ஐச் சொல்லுவதில்லை!

விளம்பரம் சொல்லாத இன்னொன்று, பின்னால் வரும் வாழ்க்கை. இரும்புச் சத்து, பி-12, சுண்ணாம்புச் சத்து ஆகியவற்றைக் குடல் முன்போல் ஈர்த்துக்கொள்ளாது. ஆயுள் முழுவதும் மாத்திரை தின்ன வேண்டும்; ரத்தப் பரிசோதனை செய்துகொண்டே இருக்க வேண்டும். தவறினால் ரத்தசோகை, நரம்புத் தளர்ச்சி, எலும்பு மெலிவு. சிறிது சிறிதாக, நன்றாக மென்று, பல வேளை உண்ண வேண்டும். அரை மணி நேர இடைவேளையில் டிபன் பாத்திரத்தைக் காலி செய்துவிட்டு மெஷினுக்கு ஓடுகிற ஸ்பின்னிங் தொழிலாளிக்கு இது எப்படி முடியும்? சர்க்கரை அதிகம் போட்ட டீயை மடமடவென்று குடித்தால் நெஞ்சு படபடக்கும், வியர்க்கும், தலை சுற்றும். சாராயமோ சீக்கிரம் ரத்தத்தில் ஏறும். இந்த ஆபரேஷனுக்குப் பின் குடிக்கு அடிமையானவர்களும் உண்டு. இதை நோயாளியிடம் முன்கூட்டியே சொல்லாமல் இருப்பது குற்றம் என்றே நாம் கருதுகிறோம்.

நம் நாட்டு விஷயம் வேறு ஒரு விதத்திலும் சிக்கலானது. இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு நீரிழிவு இருப்பதாக 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆராய்ச்சி கூறியது. ஆசிய மக்களுக்கு, ஐரோப்பியரைவிடக் குறைந்த எடையிலேயே இந்த நோய் வருகிறது. அதனால்தான் 2016-ல் சர்வதேச நீரிழிவு அமைப்புகள் ஆபரேஷனுக்கான எடை வரம்பை ஆசியருக்குத் தாழ்த்திச் சொல்லின. ஆனால் களையெடுத்து மெலிந்து, அப்படியும் சர்க்கரை வந்துவிட்ட விவசாயத் தொழிலாளிக்கு இந்தக் கத்தியால் ஆகப்போவது ஒன்றுமில்லை. அவருக்கு வேண்டியது மாத்திரை, இன்சுலின், காலில் புண் வராமல் பார்த்துக்கொள்ளும் வைத்தியம்.

இப்போது குடல் சுரப்பைப் போலவே வேலை செய்யும் ஊசி மருந்துகளும் வந்துவிட்டன. உடல் இளைக்க செமாக்ளூடைடு ஊசியை 2021-ல் அமெரிக்க சர்க்கார் அனுமதித்தபோது கம்பெனி குறித்த விலை மாதம் 1,300 டாலருக்கு மேல்! ஊசியை நிறுத்தினால் இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஒரே ஆண்டில் திரும்பிவிடுவதை ஆராய்ச்சிகளில் கண்டார்கள். ஆக, ஊசியானாலும் கத்தியானாலும் ஆயுள் முழுவதும் வைத்தியத்தின் துணை வேண்டும்.

ஆகவே இந்த ஆபரேஷன் பணக்காரர்களின் அழகு வைத்தியம் என்று நாம் ஒதுக்கிவிடவில்லை. தேவைப்படும் தொழிலாளிக்கு அது சர்க்கார் ஆஸ்பத்திரியில் கிடைக்கவே வேண்டும். ஆனால் ஆபரேஷன் செலவோடு கணக்கை முடித்துவிடும் எந்தத் திட்டத்தையும் பார்த்து நாம் கேட்க வேண்டியது இதுதான்: பத்தாம் ஆண்டில் அந்தத் தொழிலாளியின் ரத்தத்தைப் பரிசோதிப்பது யார்? மாதாமாதம் அந்த மாத்திரைகளை அவர் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுப்பது யார்?